மாமாவோடு பூச்சி பார்க்கப் போன நாள்

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன சமயத்தில் எங்கள் அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அப்பா செலியமேட்டு விவசாயி. இந்தியாவோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர். அம்மாவின் தம்பியான மாமா, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி வாத்தியார்; சேரக்கூடாது என்ற கட்சி. வாய்ச்சண்டை முற்றி, இனிமேல் என் வீட்டு வாசற்படி மிதிக்காதே என்பதில் போய் முடிந்தது.

அப்பேர்ப்பட்ட மாமா ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, சிநேகிதர் வீட்டில் இறங்கி, பிள்ளைகளுக்குப் பூச்சி காட்டப்போவதாகச் சொல்லியனுப்பினார். ஊரே சிரித்தது.

"நம்ம புள்ள போவ வேணாம்," என்றார் அப்பா. அவர் வயலுக்குக் கிளம்பியதும் அம்மா எனக்குத் தலைவாரிப் பூ வைத்து அனுப்பிவிட்டாள்.

ஏழெட்டுப் பேர் இருந்தோம். மாமா கையில் ஒரு பூதக்கண்ணாடி. எருக்கஞ்செடியில் பொறிவண்டைப் பிடித்து, அதன் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னார். "கொக்சினெல்" என்பதை நாங்கள் திருப்பிச் சொன்ன அழகில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கும்பிடுபூச்சி கிடைத்தது. தட்டான் கிடைக்காமல் ஏய்த்தது. ஆறு கால் இருந்தால்தான் பூச்சி, சிலந்தி பூச்சியே இல்லை என்றார்.

"அப்ப எட்டுக்கால் பூச்சின்னு இன்னாத்துக்குப் பேரு வச்சாங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். மாமா பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

எங்கள் கரும்புக்கொல்லை ஓரம் வந்ததும் அவர் நடை தளர்ந்தது. அங்கே ஒரு பூச்சியும் இல்லை. ஆனாலும் நகராமல் நின்றார். பொழுது போகாமல் எங்களில் யாரோ வேலியில் தொங்கிய பனையோலையை இழுக்க, உள்ளிருந்த குளவிக்கூடு கலைந்தது.

"வாய்க்கால்ல குதிங்க!" என்று மாமா கத்தினார். எங்களை ஒவ்வொருவராய்த் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையிலேயே நின்றார். அதற்குள் குளவிகள் அவர் முகத்தை மொய்த்துவிட்டன. கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்த அப்பா மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். ஈரத்துண்டை மாமாவின் தலையில் போர்த்தி, அவரை அணைத்தபடியே வாய்க்காலில் விழுந்தார்.

"ஓடத் தெரியாதாடா உனக்கு?"

"புள்ளைங்க எல்லாம் எறங்கிச்சா, பாருங்க."

"எல்லாம் எறங்கிச்சி. நீ மூஞ்சிய மூடு."

அப்பா அவரை நேரே எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார். குளவி கொட்டின இடமெல்லாம் அம்மா சுண்ணாம்பு தடவினாள். மத்தியானம் இருவருக்கும் ஒன்றாக இலை போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே மாமா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் இலையிலேயே திரும்பப் போட்டார். மறுவாரம் மாமா திரும்பி வராத கணக்கில் பிரான்சுக்குக் கப்பலேறுகிறார் என்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு முன்பே தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். மாமாவின் பையை அப்பாவே தூக்கிவந்தார்.

"அடுத்த தபா வரும்போது பட்டாம்பூச்சி காட்டுவியா மாமா?" என்று கேட்டேன்.

மாமா என் தலையில் கை வைத்தார். வாய் திறந்தார், பேச்சு வரவில்லை. குளவி கொட்டி உதடு அவ்வளவு வீங்கியிருந்தது, பாவம், வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.