மயிலாத்தாள் மெஸ்ஸின் தூக்க மருந்து

காதர்பேட்டைக்குப் பின்சந்தில் இருக்கும் மயிலாத்தாள் மெஸ்ஸில் ராத்திரிச் சோற்றுக்குள் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியது யாரென்று தெரியாது. எதிர்ப் பரோட்டாக் கடை லிங்கசாமிக்குக் கொஞ்ச நாளாக வியாபாரம் மந்தம் என்பது மட்டும் சந்துக்கே தெரியும்.

கேட்டவர்கள் பதறினார்கள். ராக்கையா மட்டும், மெஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தார்.

அவருக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினே கதியென்று கிடப்பவர். மகளின் படிப்புக்காக மனைவி சீனியம்மாள் ஊருக்குத் திரும்பியபின், லைன் வீட்டில் அவரும் ஒரு மின்விசிறியும்தான். விசிறியாவது சத்தம் போடும். பகலெல்லாம் டீயும் பப்ஸும். வேலை விட்டதும் லிங்கசாமி கடையில் பரோட்டா, குளமாகச் சால்னா. அப்புறம் விடியும்வரை நெஞ்செரிச்சல். "சாப்ட்டீகளா?" என்று சீனியம்மாள் தினமும் போனில் கேட்பாள். "ஆச்சு" என்பார். என்ன சாப்பிட்டார் என்று கேட்க அவளுக்கும் நேரமில்லை.

போன வாரம் கண் சொருகி, ஒரு கட்டுக் குழந்தைச் சட்டைகள் முழுக்கக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டார். சூப்பர்வைசர் சிவராஜ் கத்தவில்லை.

"ராக்கையாண்ணா, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா மெஷின்ல வேற ஆளைத்தானுங்க உக்கார வெக்கோணும். நீங்க நூல் பிசிறு வெட்டப் போயிருங்க."

'ங்க' போட்டே கழுத்தை அறுத்தான். மாத்திரை கலந்த சோறு எங்காவது கிடைத்தால் தேடிப் போகாமல் என்ன செய்வார்?

மெஸ்ஸில் கம்மஞ்சோறு, கீரைக் கடைசல், மோர். ராக்கையா சோற்றை முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மாத்திரையத் தேடறீங்களா?" என்றார் மயிலாத்தாள்.

"இல்லக்கா. இருந்தா ரெண்டு சேத்துப் போடுங்க."

"நல்லாருக்குதுங்க கதை! பொழுது சாஞ்சா டீயைத் தொடாதீங்க. வேலை உட்டதும் நேரா வந்து, போனைப் பாக்காம மென்னு தின்னுட்டுப் போங்க. அவ்ளோதானுங்க மருந்து."

முதல் ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. புரளி கிளப்புகிறவன் உண்மையாகப் பார்த்துக் கிளப்பியிருக்கக் கூடாதா என்று லிங்கசாமி மேல்தான் கோபம் வந்தது. சாயங்கால டீயை விட்டதில் தலைவலி வேறு. இருந்தாலும் போனார். பிறகொரு நாள் கண் விழித்தால் விடிந்திருந்தது. கீரையா, மோரா, விட்ட டீயா, இல்லை "போதுமாங்க தம்பி?" என்று பக்கத்தில் நின்று ஒருவர் கேட்டதா, அவருக்குத் தெரியவில்லை. தையல் நேரானது. சிவராஜ்கூட இரண்டு 'ங்க'வைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் கரண்டு போய் வேலை சீக்கிரம் விட்டது. ராக்கையா போனபோது, மயிலாத்தாள் அடுப்படியில் நின்றபடி டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, இதான் ராச்சாப்பாடா?"

"ஒருத்திக்குன்னு எதுக்குங்க தட்டு வெக்கறது? அத்தனை பேருக்கும் போட்டு முடிச்சா, சோத்தைப் பாத்தாலே வேண்டாம்னு போயிருதுங்க."

"தூக்கம்?"

"ஊட்டுக்காரரு போனதோட அதும் போச்சுங்க."

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதானக்கா? மத்தியானம் நான் வந்து ரசம் வச்சு ஆக்கிப் போடுறேன். நீங்க உக்காந்து சாப்பிடணும்."

"மெய்யாலுமா?" என்றார் மயிலாத்தாள். சிரிக்கவில்லை.

ஞாயிறு காலையில் தக்காளி, கொத்தமல்லி எல்லாம் வாங்கி வந்து, சற்றே சாயலாமென்று படுத்தார். எழுந்தபோது தெருவிளக்கு எரிந்தது. பையோடு ஓடினார். மெஸ் பூட்டிக் கிடந்தது. தட்டிப் பார்த்தார், யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை மயிலாத்தாளே கேட்டார்: "நேத்து நல்லாத் தூங்குனீங்களா தம்பி?"

"ஆமாக்கா," என்றார் ராக்கையா, இலையைப் பார்த்தபடி.

"அப்பச் சரிங்க" என்று மோரை ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அடுத்த ஞாயிறு கம்பெனியில் வேலை வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும். அந்த ரசம் இன்னும் பாக்கி.