பதில் குரல்

ஊரில் பிறந்தவளுக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. வெளியூர்க்காரி ஒருத்தி குடிவந்திருந்தால் முதல் நாளே வாசலில் நாலு பேர் நின்று, இந்தப் பக்கம் பாம்பு வரும், அந்தப் பக்கம் கால் வைக்காதே என்று எடுத்துச் சொல்லியிருப்பார்கள். கலைமணி இந்த மண்ணில் பிறந்தவள். மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி, காட்டு ஓரமாக, அவரவர் நிலத்தில் அவரவர் வீடு என்று நாலு வீடுகள் சிதறிக் கிடக்கும் கொட்டாய் அது. அவளுக்குத் தெரியாததா என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதில் பன்னிரண்டு நாள் அவள் உயிர் ஒரு கம்பியின் மேல் நின்றது.

மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய மெஷின்களோடுதான் பிழைப்பு. அவள் வீட்டுக்காரர் மாதவராஜ் அங்கேயே வண்டி ஓட்டினார். பிள்ளை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்த மனிதர் நிமிரவில்லை. அதற்கப்புறமும் கலைமணி அங்கே கிடந்து பார்த்தாள். வயது நாற்பத்தெட்டு ஆனதும் அங்கே இனி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தம்பி அறிவழகன் ஓசூரில் இருக்கிறான். எங்கள் கூடவே இரு என்று கூப்பிட்டான். அவன் வீட்டில் இரண்டே அறை. அவன் மனைவி நல்லவள்தான், அதனாலேயே கலைமணிக்கு அங்கே போகக் கூச்சமாக இருந்தது. அப்பாவின் ஒரு ஏக்கரும் ஓட்டு வீடும் பூட்டியே கிடந்தன. அதில் இருந்து பார்க்கிறேன் என்றாள். தனியாகவா என்று கேட்டான். அவளுக்கும் அதே கேள்விதான். ஆனால் வேறு இடம் ஏது?

வந்த முதல் வாரம் முழுக்கப் பயம். ஓட்டின் மேல் பூனை நடந்தால் பயம், நடக்காமல் அமைதியாக இருந்தால் அதைவிடப் பயம். கதவுக்கு இருந்த தாழ்ப்பாள் போதாதென்று பாலக்கோடு போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தாள். அவற்றைப் போட்டுக் கொடுத்தது மாரியப்பன். அவளுடைய பெரியப்பா மகன், பக்கத்து நிலத்துக்காரர். அவர் மனைவி சின்னம்மாள் முதல் நாள் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது வாரம் காய்ச்சலில் சுருண்டு படுத்தபோது, வண்டியின் பின்னால் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் கொண்டுபோனது மாரியப்பன்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர்கள் வீடு ஒன்றுதான்.

அவளுக்கு இருந்த பெரிய தைரியம் வேறொன்று. பொழுது சாயும்போது சின்னம்மாள் தன் கொல்லைமேட்டில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். வார்த்தை எதுவும் இருக்காது. "ஓ…ய்" என்று இழுத்து ஒரு கூவல். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடு வைத்திருக்கும் சென்னப்பன் வீட்டிலிருந்து பதில் குரல் வரும். அப்புறம் அங்கன்வாடியில் சமைக்கும் மலர்விழியின் வீட்டிலிருந்து. கலைமணிக்கு இது சிறுவயதிலிருந்தே பழக்கம். காட்டிலிருந்து யானை இறங்குகிற நாட்களில், எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்களா என்று பெண்கள் இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். ஆகவே அவளும் கதவைத் திறந்து "ஓ…ய்" என்பாள். நானும் இருக்கிறேன், என்னையும் ஒரு ஆள் விசாரிக்கிறாள் என்று அதற்குப் பிறகு கொஞ்சம் தூக்கம் வரும்.

ஆவணியில் நிலத்தை உழுது தக்காளி நாற்று நட்டாள். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டார் அறை மாரியப்பன் நிலத்தின் கோடியில் இருந்தது. மோட்டாருக்கான கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், அடுத்த வாரம் விடியற்காலையில் வரும். விடியற்காலை வாரத்தில் அவள் ஐந்து மணிக்கெல்லாம் செல்போன் வெளிச்சத்தில் வரப்போடு போவாள். வழியில் முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பி குறுக்கே ஓடும். மூங்கில் முளைகளில் இழுத்துக் கட்டியிருந்தது. பன்றிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவாள், வருவாள்.

இப்படிப் போன விடியற்காலைகளில் பதின்மூன்றாம் நாள், கம்பியடியில் ஒரு கீரிப்பிள்ளை கிடந்தது. வாய் கம்பியைக் கவ்வியபடி இருந்தது. உடம்பில் காயம் எதுவும் இல்லை, உதட்டோரம் மட்டும் கருகியிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஈர மண்ணில், கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக அவளுடைய செருப்புத் தடங்கள், முந்தின நாள் பதிந்தவை.

அவள் எடுத்த காலை எடுத்தபடி நின்றாள். திரும்பி ஓடக்கூடப் பயமாக இருந்தது. வேறெங்கே கம்பி போகிறதோ, யாருக்குத் தெரியும்? கிழக்கு வெளுத்து, மாரியப்பன் வீட்டுப் பக்கமிருந்து, தினமும் விடிந்ததும் சின்னம்மாள் கொடுக்கும் காலைக் குரல் கேட்கிறவரை அங்கேயே நின்றாள்.

சின்னம்மாள் சாணி அள்ளிக்கொண்டே விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னாள். மேலே போகிற லைனில் கொக்கி மாட்டிக் கம்பிக்குக் கரண்ட் விடுகிறார்களாம். மூன்று வருடமாகவே அப்படித்தானாம். சாயங்காலக் குரலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்தால், எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள், இனி யாரும் கொல்லைக்கு வரமாட்டார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் கொக்கி மாட்டுவது. காலைக் குரல் கேட்டால் கொக்கியை எடுத்தாயிற்று, வெளியே வரலாம்.

"நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே கண்ணு, உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றாள் சின்னம்மாள். "நீயும் தெனம் கொரல் குடுத்தியே."

கலைமணி வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தினமும் கதவைத் திறந்து, கரண்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு ஐந்து மணிக்குப் போய்த் தாண்டியிருக்கிறாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அதே இடத்தில் செருப்பு வார் பிய்ந்துபோனது. ஒரு காலை வெறும் மண்ணில் ஊன்றி, விழாமல் இருக்க மூங்கில் முளையைப் பிடித்துக்கொண்டு வாரைச் சொருகினாள். பனி பெய்து முளை நனைந்திருந்தது. கம்பிக்கும் அவள் விரலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்திருக்குமா? அந்தக் கை அவளுக்குத் தன் கை மாதிரியே இல்லை. ராத்திரி அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சலவைக்கூடத்தில் மெஷின் ஓடும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். இந்தக் கம்பி எப்போதும் ஒரே மாதிரி கிடந்தது.

அதிலிருந்து பொழுது சாய்ந்தால் வெளியே வருவதில்லை. விளக்குச் சுவிட்சைத் துணி சுற்றித்தான் தொட்டாள். அடுத்த விடியற்காலை வாரம் வந்தது. ஐந்து மணிக்கு விழித்து மோட்டார் அறைச் சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகமுடியவில்லை. காலைக் குரல் கேட்டு அவள் போவதற்குள் கரண்ட் நேரத்தில் பாதி தீர்ந்துபோயிருக்கும். மேட்டுப்பக்கத்து நாற்றுகள் நாலு நாளில் தலை தொங்கிவிட்டன. கம்பி இருக்கிறவரை இங்கே பயிர் வைக்க முடியாது. பயிர் வைக்க முடியாவிட்டால் இங்கே அவளுக்கு என்ன வேலை?

மாரியப்பனிடம் போய்க் கேட்டாள். வழியிலாவது கம்பியை எடுத்துவிடச் சொன்னாள். அவர் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பன்னி வழி பார்த்தா வருது? பத்து உருப்படி எறங்குச்சுன்னா விடியறதுக்குள்ள அரை ஏக்கரு காலி. ஏசில இருந்துட்டு வந்தவளுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்."

"மனுசங்க செத்துட்டா, ண்ணா?"

"அதுக்குத்தானே பாப்பா கொரல் குடுக்கறோம். எங்களை என்ன கொலைகாரங்கன்னு நெனச்சியா?"

அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதுதான் அவளைக் கலங்கடித்தது. அறிவழகனுக்குப் போன் போட்டாள். அவர்களோடு முறைத்துக்கொண்டு அங்கே ஒருநாள்கூட இருக்கமுடியாது, நிலத்தை அவர்களுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூருக்கு வா என்றான். புகார் கொடுக்கிற நம்பரையும் ஒருவழியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். போலீஸ் வந்தால் மாரியப்பனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்புறம் காய்ச்சல் வந்தால் அவளைத் துண்டால் கட்டிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? கம்பிக்குப் பயந்தது பாதி என்றால், அந்த வீட்டுக் கதவு தனக்குச் சாத்திக்கொள்ளுமோ என்கிற பயம் மீதி.

அன்று சாயங்காலம் குரல் வந்தது. சென்னப்பன் வீட்டிலிருந்து பதில் போனது. மலர்விழி வீட்டிலிருந்தும் போனது. கலைமணி மூன்று தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மறுபடியும் குரல். கொஞ்சம் விட்டு மூன்றாவது முறை, இந்தத் தடவை பேரைச் சொல்லி. அப்புறம் வரப்பில் டார்ச் வெளிச்சம் குதித்துக் குதித்து வந்தது. மாரியப்பன் செருப்பில்லாமல் ஓடிவந்திருந்தார். பின்னால் சின்னம்மாள், மூச்சு வாங்க, அழுகிற மாதிரி. கலைமணி மூன்று தாழ்ப்பாளையும் எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"உள்ளதான இருக்கறே? வாயில கொழுக்கட்டையா?" என்றார் மாரியப்பன்.

"நான் கொரல் குடுக்கமாட்டேண்ணா. இன்னைக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல."

அவள் பதில் தராதவரை கொக்கி மாட்ட முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும், பதில் இல்லாமலே மாட்டிவிடுவேன் என்றார்.

"மாட்டுங்க. நான் அஞ்சு மணிக்குத் தண்ணி கட்டப் போவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, ஐந்து மணிக்கு அவள் போகவில்லை. தாழ்ப்பாளில் கைவைத்தவள் அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டாள். மாட்டியிருப்பாரோ, மாட்டவில்லையோ? வெயில் வந்த பிறகு போய்ப் பார்த்தால் மாரியப்பனின் இரண்டு சால் தக்காளியைப் பன்றி புரட்டிப்போட்டிருந்தது. கரண்ட் விடவில்லை. சின்னம்மாள் வேரோடு பிடுங்கப்பட்ட செடிகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து அவள் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். கலைமணி அவற்றைக் கூட்டித் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. சுற்றிக்கொண்டு நடந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலமும் குரல் வந்தது. அவள் வாய் திறக்கவில்லை. டார்ச்சும் வரவில்லை. மறுநாள் காலையில் மாரியப்பன் கிணற்றடியில் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தது. குரலே வரவில்லை.

கலைமணி ஜன்னலோரம் நின்று காத்திருந்தாள். மேற்கே சிவப்பு மங்கி, மரங்கள் கறுத்து, மலர்விழி வீட்டில் விளக்கும் போட்டாயிற்று. யாரையும் கேட்காமல் மாட்டிவிட்டார்களா? தன் ஒருத்தியின் பிடிவாதத்தால் அந்தக் கேள்வியே நின்றுபோயிற்றா? சென்னப்பனுக்குச் சில நாள் ஆடு ஒன்று குறையும். தேடிக்கொண்டு ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார். குரல் வரவில்லை என்றால் இன்னும் மாட்டவில்லை என்று நினைத்துத்தானே வருவார்? கதவைத் திறக்க வேண்டும். வாசலில் பிடுங்கிப்போட்ட செடிகள் கிடந்தன. அதற்கப்பால் எல்லாம் இருட்டத் தொடங்கியிருந்தது.

வாசற்படியில் இருந்து இறங்காமல் நின்று கூவினாள். முதல் குரல் வாசலைத் தாண்டவில்லை. இந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள், பதில் கொடுத்திருக்கிறாள், ஆரம்பித்ததில்லை. இரண்டாவது முறை அடிவயிற்றிலிருந்து இழுத்து விட்டாள்.

"ஓ…ய்."

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து சென்னப்பன் பதில் கொடுத்தார். மலர்விழி கொடுத்தாள். மாரியப்பன் வீட்டுப் பக்கம் நாய் ஒன்று இரண்டு தடவை குரைத்து நிறுத்தியது. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுவிட்டாள், இனி பதில் வருகிறவரை உள்ளே போகமுடியாது. திரும்பவும் கூவினாள். திரும்பவும்.

"ஓ…ய்" என்று சின்னம்மாளின் குரல் வந்தது. சலிப்பும் கோபமும் கலந்த குரல். "மாட்டல கலமணி. உங்கண்ணன் காவலுக்குப் பந்தல்ல படுத்திருக்காரு. மாட்டல."

கலைமணி விடாமல் கேட்டாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கா? அதை நாளைக்குக் கேளு" என்றாள் சின்னம்மாள்.