கோட்டுக்குக் கீழயும் படிங்க, சார்

என் சுரங்கப் பாடப் புத்தகத்தக் கொச்சைன்னு எழுதுனீங்கள்ல சார், அதுக்கு நான் கோவப்படல. கொச்சைதான். எங்க ஊருப் பேச்சு அது. "சுரங்கத்தின் வாசலையே பார்த்திராத மாணவி"ன்னு எழுதுனீங்க பாருங்க, அது மட்டும் பொய். காலேஜ்ல கூட்டிட்டுப் போனப்ப மூணு தடவை கீழ இறங்கியிருக்கேன். ஒரு தடவை மேல இடிச்சு ஹெல்மெட்டுல கீறலே விழுந்துச்சு. அதையும் விட்டுரலாம். "இந்நூலை உடனே திரும்பப் பெறுக"ன்னு கடைசியில ஒரு வரி போட்டீங்களே, அதுக்குத்தான் இந்தப் பதில். எழுதுன என்கிட்ட கேக்காம, பயிற்சி நிலையத்து மேனேஜருக்குக் கடிதம் போட்டீங்க. நான் பத்திரிகையில போடுறேன். எல்லாரும் படிக்கட்டும்.

வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நிலக்கரிச் சுரங்கப் புத்தகத்தத் தமிழாக்குற தொழில்ல, கரியை விடக் கஷ்டமா வெட்டி எடுக்க வேண்டியது அர்த்தத்தைத்தான். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரே பத்தியை ஏழு தடவை படிச்சு, ஒண்ணும் மண்டையில ஏறாம, நமக்குத்தான் மூளை இல்லையோன்னு அழுதிருக்கீங்களா? அப்ப நீங்க நம்ம ஆளு. உக்காருங்க.

நான் மைனிங் இன்ஜினியரிங் கடைசி வருசம். ஊரு ஆர்.எஸ். மங்கலம் பக்கம், அய்யா விவசாயம். உப்பூர் போற ரோட்டுல ஒரு பயிற்சி நிலையம் இருக்கு. அறுப்பு முடிஞ்சு வேலை இல்லாத ஆளுகள வடக்க நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒப்பந்தத்துல அனுப்புறதுக்கு முன்னாடி, அங்கன ஒரு கொட்டகையில வச்சு வகுப்பு எடுப்பாங்க. சனிக்கிழமை தோறும் பஸ் பிடிச்சு வாரேன். கரி வெட்டுற முறை, பாதுகாப்பு, பாறை விவரம்னு இங்கிலீஷ்ல இருக்குறத தமிழாக்கி, அவங்களுக்கு வாசிச்சும் காட்டுறதுதான் என் வேலை.

ஒம்பது வரி

முதல் சனிக்கிழமை என் கையில குடுத்தது உங்க பழைய தமிழாக்கம்தான் சார். பவ்யமாத்தான் வாசிச்சேன். "பணியாளர் பணித்தளத்துள் நுழையுமுன், மேற்கூரைப் பாறை அடுக்குகளின் ஒலிசார் எதிர்வினையினை உரிய உபகரணத்தின் துணைகொண்டு அவதானித்தல்..." அப்படியே ஒம்பது வரி ஓடுச்சு. முற்றுப்புள்ளி வர்றதுக்குள்ள பின்வரிசையில ரெண்டு பேரு தூங்கிட்டாங்க. முனியசாமி அண்ணன்னு ஒரு கூலி விவசாயி, கோயில்ல மந்திரம் கேக்குற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

புத்தகத்த மூடிட்டு ஒரு கம்பிய எடுத்தேன். "அண்ணே, இடது கையை மேல பாறையில வைங்க. வலது கையால கம்பிய வச்சுத் தட்டுங்க. கணீர்னு கேட்டா பாறை ஒண்ணாப் பிடிச்சிருக்கு. பொத்துன்னு கேட்டாலோ, கைக்கு அதிர்வு தெரிஞ்சாலோ, கல்லு பிரிஞ்சு நிக்குது. முட்டுக் குடுத்திருக்குற பக்கமா பின்னாடி வந்துட்டு ஆளக் கூப்பிடுங்க." அவ்வளவுதான். முனியசாமி அண்ணன் கட்டியிருந்த கையை அவுத்துட்டுக் கேட்டாரு: "இம்புட்டுக்குத்தானா பாப்பா ஒம்பது வரி?"

செல்வத்தோட வகுப்பு

கூலிக்குப் போறவனுக்குப் பாறையப் பத்தி என்னத்துக்குன்னு மேனேஜரே கேட்டாரு. நான் விடல. கரி அடுக்கு ஒரே சீராப் போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு இடத்துல அறுந்து, மிச்ச அடுக்கு கீழ இறங்கியோ மேல ஏறியோ நிக்கும். அந்த முறிவுக்குப் பக்கத்துல கூரை பலமா இருக்காது, தண்ணி பாயலாம், வாயுவும் வரலாம். அங்கன நின்னு வேலை பாக்குறவனுக்கு அது தெரிய வேணாமா? படம் போட்டு விளக்குனேன். யாருக்கும் ஏறல. எனக்கே கோவம் வந்துருச்சு, படத்து மேல.

அப்ப செல்வம் எந்திரிச்சான். தேவிபட்டினத்துப் பக்கம், ஆழ்துளைக் கிணறு தோண்டுற போர் லாரியில வேலை பாத்த பையன். "அக்கா, எங்கூர்ல ஒரு வீட்டுல போர் போட்டா இளநி மாதிரி தண்ணி வரும். பக்கத்து வீட்டுல வாயில வைக்க முடியாது. ஏதோ நான் போயி உப்பைக் கொட்டுன மாதிரி சண்டைக்கு வருவாங்க. மேல வர்ற மண்ணு நெறம் மாறுறதப் பாத்தாலே எனக்கு அடியில மாறுதுன்னு தெரிஞ்சுரும்." வா, வந்து சொல்லுன்னு சாக்பீஸைக் குடுத்துட்டு நான் பெஞ்சில உக்காந்துட்டேன். மணல், களி, சுக்கான்கல்லு, பாறைன்னு வரிசையா அடுக்கிக்கிட்டே போனான். எந்த இடத்துல அடுக்கு மாறுதுன்னு அவன் கோடு போட்டப்ப, ஒருத்தன் தூங்கல சார். பின்னாடி இருந்து ஒரு குரல் மட்டும் வந்துச்சு: "ஏலே செல்வம், ஒம்மூஞ்சிய மேலாப்ல பாத்தா அடியில இம்புட்டு அறிவு இருக்குறது தெரியலையேடா!"

பொகை நின்னா

இப்ப உங்க முக்கியமான குற்றச்சாட்டுக்கு வாரேன். கரிமூட்டத்தக் கொண்டு வந்து சுரங்க விஞ்ஞானத்துல நுழைச்சு அசிங்கப்படுத்திட்டேன்னு சொல்றீங்க. எங்க பக்கம் சீமைக்கருவேலம் இல்லாத காடு கிடையாது. வெறகை அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ள தீயை வச்சு, சின்னச் சின்ன ஓட்டையால காத்தை அளந்து விட்டு, கரியா வேக வைக்கிறதுதான் மூட்டம். என் வகுப்புல பாதிப் பேரு அந்த வேலை பாத்தவங்க. குமிச்சு வச்ச நிலக்கரி, காத்துப் பட்டே சூடேறித் தானாத் தீப்பிடிக்கும்னு சொன்னா, உங்க புத்தகத்த வச்சு ஒரு மணி நேரம் ஆகும். "மூட்டத்துல ஒரு ஓட்டையத் தெரியாம விட்டா என்ன ஆகும்?"னு நான் கேட்டேன். "காத்துப் பட்டு எரிஞ்சு சாம்பலாப் போகும்!"னு மொத்தக் கொட்டகையும் பதில் சொல்லுச்சு. அதுல எனக்குப் பெருமைன்னா அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையிலதான் ஒரு ஆள கொல்லப் பாத்தேன். சுரங்கத்துல ஒரு பகுதி தீப்பிடிச்சா, காத்து போகாம செவரு வச்சு அடைச்சுருவாங்க, நம்ம மூட்டம் மாதிரியேன்னு சொல்லி முடிச்சேன். கருப்பையா அண்ணன், வருசக்கணக்கா மூட்டம் போட்டவரு, தலைய ஆட்டிக்கிட்டே கேட்டாரு: "அப்ப பொகை நின்னுட்டா பிரிச்சு உள்ள போலாம்ல?" சுத்தி இருந்த அத்தனை பேரும் ஆமான்னு தலைய ஆட்டுனாங்க. மூட்டத்துல அப்படித்தான சார். வெள்ளைப் பொகை வரும், அப்புறம் நீலமா மெலியும், நின்னுட்டா வெந்துருச்சு, பிரிக்கலாம். அதே கணக்குல இவங்க அடைச்ச செவத்தப் பிரிச்சா? உள்ள கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதுக்கு நெறமும் இல்ல, வாடையும் இல்ல. காத்து உள்ள போனா கனிஞ்சு கெடக்குற தீ திரும்பப் பிடிக்கும், மீத்தேன் சேர்ந்திருந்தா வெடிக்கும். ஊர் உலகத்துல வேற எவனும் செய்யாத தப்பு அது. பொகையப் பாத்தே தொழில் பண்ண எங்க ஆளுகதான் செய்வாங்க. அதுக்கு வழி காட்டிவிட்டது நான்.

வகுப்புக்காக நானே ஒரு தமிழாக்கம் எழுதிக்கிட்டு வந்தேன்ல, அன்னைக்கே அதுல மூட்டப் பக்கத்தக் கிழிச்சுப் புதுசா எழுதுனேன். மேல்பாதியில மூட்டம். நடுவுல தடியா ஒரு கருப்புக் கோடு. கோட்டுக்குக் கீழ: "இங்க வரைக்கும்தான் மூட்டம். இனிமே மூட்டத்த மறந்துரு. பொகை இல்லன்னாலும் உள்ள சாவு இருக்கும். அடைச்ச செவத்துல கை வைக்காத. வாயு மீட்டர் பாத்து அதிகாரி சொல்ற வரைக்கும் கிட்டவே போகாத." நீங்க உங்க கடிதத்துல எடுத்துப் போட்டது மேல்பாதிய மட்டும். கீழ்பாதியப் படிக்கலையா, படிச்சும் விட்டீங்களான்னு எனக்குத் தெரியாது. உங்க புத்தகத்துல இந்த எச்சரிக்கை எங்கன இருக்குன்னு அட்டையில இருந்து அட்டை வரைக்கும் தேடிட்டேன், இல்ல. இருக்காது, கருப்பையா அண்ணன் கேட்டத நீங்க கேட்டதில்லையே. புதுப் பக்கத்த அவருக்கு வாசிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டுச் சொன்னாரு: "இத்தன வருசம் கண்ண நம்புனோம். அங்கன மீட்டர நம்பணும். வெளங்குது தாயி."

கீழக்கரையில ஒரு தட்டு

தாள் தாளா இருந்தத புத்தகமாக்க கீழக்கரைக்குப் போனேன். அங்கன டைப்பிங் கடை வச்சிருக்குற கபீர் காக்கா, வளைகுடாவுல எண்ணெய்க் கம்பெனியில பாதுகாப்புப் பிரிவுல இருந்துட்டுத் திரும்பி வந்தவரு. அங்கன அண்ணனக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க. முதல்ல முன்னுரை, அப்புறம் பொருளடக்கம், ஆபத்துல எந்தப் பக்கம் ஓடணும்ங்கிற படமெல்லாம் கடைசியில இணைப்புன்னு வரிசையா வச்சிருந்தேன். காக்கா சிரிச்சாரு. எனக்குப் பத்திக்கிச்சு. எல்லாப் பாடப்புத்தகமும் இப்படித்தான் இருக்கும்னு அரை மணி நேரம் வாதாடுனேன்.

அவரு எந்திரிச்சுப் போனாரு. கடையில தேத்தண்ணி வர்ற எவர்சில்வர் தட்ட எடுத்து என் காதுக்குப் பக்கத்துல டமார்னு மேசையில அடிச்சு, "தீ! வழி எங்க? எடு!"ன்னு கத்துனாரு. பதறிப் போயி புரட்டுறேன், எழுதுன எனக்கே பக்கம் அகப்படல. மூணு தடவையும் என் முன்னுரையே வந்து நிக்குது, நன்றி நவிலலோட. வாய மூடிக்கிட்டு எல்லாப் படத்தையும் அட்டைக்கு மாத்துனேன். மாத்தி முடிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டு காக்கா சொன்னாரு: "தங்கச்சி, முன்னுரை படிச்சுட்டு ஓடுற ஆள நான் இன்னும் பாக்கல, அல்லா காப்பாத்தணும்."

வடக்க இருந்து போன்

முதல் செட் ஆளுக கெளம்பிப் போயி கொஞ்ச நாள்ல முனியசாமி அண்ணன் போன் பண்ணாரு. உள்ள போறப்ப தட்டிப் பாத்திருக்காரு, பொத்துன்னு கேட்டுருக்கு. இவரு பின்னாடி வந்து நின்னுட்டு நகர மாட்டேன்னுட்டாரு. புது ஆளு பயப்படுறான்னு மொதல்ல சிரிச்சிருக்காங்க. மேற்பார்வையாளரு வந்து அவரே தட்டிப் பாத்துட்டு, எல்லாத்தையும் வெளிய அனுப்பி, முட்டுக் குடுத்த பெறகுதான் வேலைய ஆரம்பிச்சிருக்காரு. போன்ல கேட்டுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுல நடந்து நடந்து, நான் ஏற வேண்டிய பஸ்ஸையே விட்டுட்டேன் சார். ரேங்க் வாங்குனப்பகூட எனக்கு அப்படி நெஞ்சு நெறையல. அண்ணன் கடைசியாச் சொன்னது: "யாரு சொல்லிக் குடுத்தான்னு அந்தாளு கேட்டாப்ல பாப்பா. எங்க ஊரு வாயாடி ஒண்ணுன்னு சொல்லலாம்னு பாத்தேன், வாயாடிக்கு இந்தியில என்னன்னு தெரியல, கையை இப்படி இப்படி ஆட்டிக் காட்டினேன்."

பீரோவுக்குள்ள புத்தகம்

இந்த நேரத்துலதான் உங்க கடிதம் வந்துச்சு. மேனேஜர் நல்ல மனுசன், ஆனா லெட்டர்பேடுக்குப் பயந்த மனுசன். அத்தனை புத்தகத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டி, உங்க பழைய தமிழாக்கத்தத் திரும்ப எடுத்து மேசையில வச்சுட்டாரு. ரெண்டாவது செட் அடுத்த வாரம் திங்கக்கிழமை ரயிலேறுது. பாதிக்கு மேல மூட்டம் போட்ட ஆளுக. பொகை நின்னா உள்ள போலாம்னு மனசுல வச்சிருக்கவங்க.

அந்த செட்டுல எங்கண்ணனும் ஒருத்தன். வெள்ளாமை போன வருசம் கைவிட்டுருச்சு, அதான் போறான். நான் வீட்டுல உங்களத் திட்டித் தீத்துக்கிட்டு இருக்கேன், அவன் பையில துணிய அடுக்கிக்கிட்டு இருக்கான். கவலைப்படாத, உனக்கு மட்டும் அந்தப் பக்கத்தக் கையால எழுதித் தாரேன்னு சொன்னேன். நிமிந்து பாத்தான். "எனக்குத்தான் வீட்டுல நீ இருக்கடி, மத்தவன் வீட்டுல யாரு இருக்கா?"

அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான் சார். அதனால வர்ற சனிக்கிழமை காலையில கொட்டகைக்கு வாங்க. உங்க பக்கத்தையும் என் பக்கத்தையும் நீங்களே, உங்க வாயாலேயே, ரயிலேறப் போற ஆளுக முன்னாடி வாசிங்க. வாசிச்சு முடிச்சுட்டு, அடைச்ச செவத்துக்கு முன்னாடி என்ன செய்வீங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. எந்தப் புத்தகம் அவங்க பையில போகணும், எது பீரோவுல இருக்கணும்னு அவங்க மூஞ்சியப் பாத்தே சொல்லுங்க. மைக் நான் புடிக்கிறேன், நீங்க எம்புட்டு இலக்கணமா வேணும்னாலும் பேசுங்க சார், என்ன, கேக்குறவங்க ஊரு திரும்பி வரணும், அம்புட்டுதான்.