ரத்தம் வந்தா சூடு இல்லீங்க

எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கள்ளக்குறிச்சியில ஆட்டோ ஓட்டுறேன். பெருங்குடல் புற்றுநோய் முகாமுக்கு விளம்பரம் பண்ண என் வண்டியில மைக் செட்டு கட்டினாங்க. ரெண்டு நாள் கல்வராயன் மலையில சுத்தினேன். செட்டுல ஓடின பேச்சு சுத்தத் தமிழ். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

எனக்கு வேற கவலை. பொஞ்சாதியோட அண்ணன் அதே மலையில கரியாலூர்ல, அருவிக்கு வர்றவங்களுக்கு மக்காச்சோளக் கருது சுட்டு விக்கிறார். மூணு மாசமா வெளிக்குப் போனா ரத்தம். கேட்டா, "நெருப்புகிட்ட நிக்கிறேன்ல, சூடு மாப்ள" என்பார். துத்திக்கீரை, மோரு, வெந்தயம், அவ்வளவுதான் வைத்தியம். எனக்கோ தலைவலி வந்தாலே சாவு பயம். அதனால என் பேச்சு வூட்ல எடுபடாது.

அவர் கடைக்கு எதிர்ல வண்டியை நிறுத்தினேன். ஓடிக்கினு இருந்த பேச்சை அணைச்சிட்டு மைக்கை நானே எடுத்தேன்.

"நாப்பத்தஞ்சு தாண்டினவங்க, ஒண்ணும் இல்லன்னாலும் வாங்க. டப்பா குடுப்பாங்க, வெளிக்குப் போனதுல கொஞ்சூண்டு எடுத்தாந்து குடுத்தா போதும். ரத்தம் வர்றவங்க டப்பாவுக்கு நிக்காதீங்க, நேரா டாக்டரைப் பாருங்க. ரத்தம் வந்தா சூடு இல்லீங்க! மூலம்னு நீங்களே முடிவு கட்டாதீங்க!"

ஜனம் சிரிச்சுது. மச்சான் விசிறியோட ஓடியாந்தார்.

"யோவ் மாப்ள, யாவாரம் நடக்கிற எடத்துல இன்னாய்யா பேசற?"

"உங்களத்தான் மச்சான் பேசறேன்."

"பேரைச் சொல்லிடுவியா?"

"வண்டியில ஏறலன்னா சொல்லுவேன்!"

நானா இப்படிப் பேசினேன்! அப்பதான் கருது வாங்க நின்ன ஒரு அம்மா கிட்ட வந்து, மெதுவா, "முகாம் எங்க தம்பி? நானும் சூடுன்னுதான் இருந்துட்டேன்" என்றாங்க. மச்சான் அந்த அம்மாவையே பாத்தார். கரியில தண்ணியை ஊத்திட்டு வந்து ஏறினார். அந்த அம்மாவும் ஏறினாங்க.

முகாம்லருந்து ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பேதி மருந்து குடுத்து, கேமரா வெச்ச ட்யூப் விட்டுப் பாத்தாங்க. அந்த அம்மாவுக்கு வெறும் மூலம்தான். மச்சானுக்கு சுண்டக்காய் அளவு சதை வளந்திருந்துச்சு. அப்பவே எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க. முடிவு வர்ற வரைக்கும் நான் நகத்தைக் கடிச்சே தீத்தேன்.

"இன்னும் புத்தா மாறல. விட்டிருந்தா மாறியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்த எடத்துலயே மச்சானைத் தூக்கிச் சுத்தினேன். "எறக்குய்யா, எல்லாரும் பாக்கறாங்க!"

கூடப்பொறந்தவங்களும் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கணும்னு டாக்டர் சொல்ல, வூட்டுக்குப் போன் போட்டேன். என்னை எப்பவும் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ற பொஞ்சாதி, அண்ணன் சேதி கேட்டு அழுதா. அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு, "நாளைக்கே என்னையும் இட்டுக்கினு போ" என்றா.