இறங்கும்போது முதல் கம்பி

காலையில் கண் விழித்ததும் கிரேன்காரர் செய்கிற முதல் வேலை பயப்படுவது. கட்டிலில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுவார். வலது பாதத்தைத் தரையில் வைக்காமல் ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தரை அவருக்கு ஆணி அடித்த பலகை. சமையலறையில் மனைவி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் பாதத்தை வைப்பார். முனகினாலும் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும்.

முதல் பத்து அடி நொண்டல். குளியலறை வாசலுக்குள் பாதி சரியாகும். பல் தேய்த்துவிட்டு வரும்போது மனிதர் நேராக நடப்பார். வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம்.

வயது ஐம்பத்து மூன்று. அடுக்குமாடிகள் எழும்புகிற இடங்களில் கோபுரக் கிரேன் ஓட்டுவது தொழில். இருபத்தாறு வருடமாக அதுதான். அந்த வருடம் அவர் ஓட்டிய கிரேனின் உயரம் நாற்பத்தைந்து மீட்டர். கோபுரத்துக்குள் ஓர் இரும்பு ஏணி, நூற்றைம்பது கம்பி. ஆறு மீட்டருக்கு ஒரு தட்டு, நின்று மூச்சு வாங்கிக்கொள்ள. உச்சியில் கண்ணாடி அறை. லிஃப்ட் கிடையாது. கீழே வேலை செய்கிறவர்கள் அவரை மாடிவீட்டுக்காரர் என்பார்கள். "மாடிவீட்டுக்காரருக்கு இன்னிக்கு மனசு குளிர்ந்திருக்கு, செங்கல்லப் பூ மாதிரி எறக்குறாரு" என்பார்கள்.

வலி முதலில் குதிகாலின் அடியில்தான் வந்தது. ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது என்று நினைத்து மூன்று தடவை கழற்றி உதறினார். கல் எதுவும் விழவில்லை. கிரேன் ஆட்கள் நடுப்பாதத்தைக் கம்பியில் பதித்துத்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். அப்படி வைத்தால் கம்பியின் விளிம்பு குதிகாலுக்கு அருகில் அழுத்துகிறது என்று அவர் கால் வைக்கும் விதத்தை மாற்றினார். விரல் பக்கத்தைக் கம்பியில் வைத்து, குதிகாலை அந்தரத்தில் விட்டார். இரண்டு மாதம் சுகமாக இருந்தது. பிறகு பின்பக்கம், கெண்டைக்காலிலிருந்து இறங்கி வருகிற தடித்த நரம்பு குதிகாலைப் பிடிக்கிற இடத்தில், பட்டாணி அளவுக்கு வீங்கியது. தொட்டால் சுட்டது.

ஆபீஸில் சொன்னால் ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் ஒரு நாள் விழுவார். இரண்டையும் தினமும் யோசித்தார். சொல்லவில்லை.

வாசலில் ஒரு காவலாளி இருந்தார். அவரும் முன்னாள் கிரேன்காரர்தான். அதே நரம்பு அவருக்கு அறுந்து போயிருந்தது. கேட்காமலேயே கதை சொல்வார்.

"சும்மா ரோட்டுல நடந்துக்கிட்டிருந்தேன். பின்னாலேர்ந்து எவனோ கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்துக் கெட்ட வார்த்தையில திட்டினேன். ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம்தான் தெரியுது, கால் என் பேச்சைக் கேக்கல." கதையை முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிச் சொல்வார். "நல்லவேளை, தரையில அறுந்துச்சு."

கிரேன்காரர் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தார்.

பிறகு அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். வழக்கமாக மதியம் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறுவார். ஒரு நாளைக்கு அறுநூறு கம்பி. மதியம் இறங்காவிட்டால் முந்நூறு. சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார். ஏறினால் மாலைதான் இறக்கம். கால் பாதியாவது பிழைக்கும் என்பது கணக்கு.

கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு வழி சொல்கிற சிக்னல்காரர் பத்து வயது இளையவர். வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, மேல கூடு கட்டி முட்டை கிட்டை போட்டுட்டீங்களா? எறங்கவே மாட்டேங்குறீங்க?"

"குஞ்சு பொரிக்கட்டும் தம்பி, வர்றேன்."

"பொரிச்சா எனக்கு ஒண்ணு குடுங்க. உங்கள மாதிரி உம்முன்னு இல்லாம பார்த்துக் குடுங்க."

ஒரு நாள் பிற்பகல் நாலு மணிக்குக் காற்று எழுந்தது. கண்ணாடி அறையில் காற்றுமானி கத்தியது. தூக்கியிருந்த கம்பிக்கட்டை இறக்கிவிட்டு, கிரேனின் நீளக்கை காற்றோடு தானாகத் திரும்பும்படி பிரேக்கை விடுவித்தார். இனி மேலே இருக்கக் கூடாது. காலை பதினோரு மணியிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தரைக்கதவைத் திறந்து, வலது காலை முதல் கம்பியில் வைத்து, உடம்பின் கனத்தை இறக்கினார்.

பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று குதிகாலிலிருந்து கெண்டைக்கால்வரை ஏறியது. முட்டி மடிந்தது. கால் நழுவியது. இரண்டு கைகளும் ஏணியைப் பிடித்துக்கொண்டதில் உடம்பு இரும்பில் மோதி நின்றது. கோபுரம் ஆடிக்கொண்டிருந்தது. இடது கால் கம்பியைத் தேடித் தேடி, மூன்றாவது தடவை கண்டுபிடித்தது.

அறுந்துவிட்டது என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. காவலாளி திரும்பிப் பார்த்தாரே, அதனால்.

இடுப்பில் வாக்கி டாக்கி பேசியது. "அண்ணே, கிளம்பிட்டீங்களா?"

பதில் சொல்ல ஒரு கையை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை.

"அண்ணே?"

வாய்க்குள் காற்று அடைத்தது.

"அண்ணே, பேசுங்க."

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. நாற்பது மீட்டர் கீழே ஏணி அதிர ஆரம்பித்தது. யாரோ ஏறுகிறார்கள்.

அவர் இடது காலை மட்டும் நம்பி இறங்கினார். இரண்டு கையும் பிடித்த பிடி, ஒரு கம்பி, மறுபடி பிடி. வலது கால் துணி மாதிரித் தொங்கியது. மேலிருந்து முதல் தட்டு இருபது கம்பிக்குக் கீழே. அங்கே போய் உட்கார்ந்தபோது விரல்கள் நிமிரவில்லை. கம்பியைப் பிடித்த வளைவிலேயே நின்றன.

சிக்னல்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது, கோபமோ பயமோ.

"பேச வாயில்லையா உங்களுக்கு?"

"வாய் இருக்கு. கை இல்ல தம்பி."

சிக்னல்காரர் அவருடைய ஷூவைக் கழற்றி, காலைத் தொட்டு, விரலை அசைக்கச் சொன்னார். அசைந்தது. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னார். வலித்தது, ஆனால் அழுத்தியது. அறுபடவில்லை. 

மீதி இறக்கம் நாற்பது நிமிடம். சிக்னல்காரர் அவருக்கு நாலைந்து கம்பி கீழே இருந்துகொண்டு, ஒவ்வொரு கம்பிக்கும் அவருடைய வலது ஷூவைக் கையால் பிடித்து வைத்தார். "நடுவுல வைங்கண்ணே. எப்பவும் வைக்கிற மாதிரி. விரல்ல ஏன் வைக்கிறீங்க, பாலே டான்ஸா ஆடுறீங்க?"

தரைக்கு வந்ததும் கிரேன்காரர் சொன்னார். "வீட்ல சொல்லிடாத."

"நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ராத்திரிக்குள்ள நீங்க சொல்றீங்க. இல்லன்னா நாளைக்குக் காலையில ஆபீஸ்ல நான் சொல்லுவேன்."

வீட்டில் மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பம்புகள் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, எது எப்போது பழுதாகும் என்று சொல்வது அவள் வேலை. அப்பா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னாள்.

"ஆறு மாசமா உங்க வலது செருப்பு முன்பக்கம் மட்டும் தேயுது. கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல."

ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் கேள்வி கேட்டு எழுதினாள். ஆரம்பிக்கும்போதா, ஓடும்போதா? ஆரம்பிக்கும்போது. எத்தனை நிமிடத்தில் குறைகிறது? பத்து. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் திரும்ப வருகிறது? ஒரு மணி நேரம். மதியம் என்ன செய்கிறீர்கள்? அவர் சாப்பாட்டுப் பை, கயிறு, அறுநூறு, முந்நூறு எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

மகள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அப்பா, நீங்க கால மிச்சம் பிடிக்கல. அஞ்சு மணி நேரம் அத விறைக்க விட்டு, விறைச்ச காலோட மொத அடிய நாப்பத்தஞ்சு மீட்டர் உயரத்துல வைக்கிறீங்க. தினமும்."

காற்றில் தொங்கியபோது வராத வியர்வை அவருக்கு அப்போது வந்தது. எத்தனை மாலை அப்படி இறங்கியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணியிருக்கக் கூடாது.

"கட்டில்லேர்ந்து எறங்கவே பயப்படுற மனுஷன்" என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தினமும் காலையில கழுவின பாத்திரத்த எதுக்கு உருட்டுறேன்னு நெனச்சீங்க? நீங்க நிம்மதியா முனகட்டும்னுதான்."

பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம் பெண். இரண்டு வலி இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்று என்றார். அடிப்பாதத்தைக் காப்பாற்றப் போய் பின்பக்க நரம்பின் தலையில் சுமையைக் கட்டியிருக்கிறீர்கள் என்றார். மூன்று மாதம் ஏணி கூடாது. அதற்காகப் படுத்துவிடவும் கூடாது. சமதரையில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். ஷூவுக்குள் குதிகாலுக்கு ஒரு மெத்தை. தரையில் நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிடுவது அவருக்கு ஆகாது.

"செய்யும்போது வலி பத்துக்கு மூணு வரைக்கும் இருந்தா போகட்டும். மறுநாள் காலையில கூடியிருந்தா, நேத்து அதிகம் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். கொறைச்சுக்குங்க."

"அறுந்துடுமாம்மா?"

"அறவே அறுந்துடாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது சார். சும்மா உக்காந்திருந்தா இன்னும் பலவீனமாகும். மெல்ல மெல்ல சுமை ஏத்தினா பலமாகும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவர் ஆபீஸில் சொன்னார். மூன்று மாதம் கீழேயே வேலை. மேலே வேறொருவர் ஓட்ட, இவர் சிக்னல்காரரோடு நின்று நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தார். "இப்ப கழுத்து வலிக்குது" என்றார் பிசியோவிடம். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் எழும்பி எழும்பி இறங்கினார். சில காலைகளில் வலி கூடியிருக்கும். அன்று யாரோடும் பேசமாட்டார். காலை வலி பத்துக்கு எத்தனை என்று மகள் உறைகளில் எழுதி வைத்தாள். ஏழு. ஆறு. ஏழு. ஐந்து. இரண்டாம் மாதக் கடைசியில் மூன்று.

நான்காவது மாதம் மேலே போனார். மணிக்கொரு தடவை நாற்காலியை விட்டு எழுந்தார். மதியம் இறங்கினார். மெத்தை வைத்த ஷூவின் நடுப்பாதம் கம்பியில் பதிந்தது. சிக்னல்காரர் ஒரு சட்டம் போட்டார்: ஒவ்வொரு தடவையும் இறங்குவதற்கு முன்னால் மேலே நின்று பன்னிரண்டு தடவை குதிகாலை உயர்த்த வேண்டும். வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டு, வாய்விட்டு எண்ண வேண்டும்.

"எண்ணிக்கை கேக்கலன்னா நான் ஏறி வருவேன். எனக்கு இன்னொரு தடவை ஏறத் தெம்பில்லண்ணே. அத மனசுல வெச்சுக்குங்க."

ஒரு மாலை மகள் அவரை அழைத்துப்போக வந்திருந்தாள். சிக்னல்காரரின் கையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் நின்றது. சிக்னல்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்தார். மகளும் அண்ணாந்தாள். கண்ணாடி வெயிலில் மின்னியது, உள்ளே எதுவும் தெரியவில்லை. சிக்னல்காரர் ஏணியைப் பார்த்து இரண்டு அடி வைத்துவிட்டார். பிறகு பத்து வந்தது. கீழே வந்ததும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள்.

"பயம்" என்றார் அப்பா. "தினமும் ஒன்பதுல வரும். கொஞ்சம் நிக்கும். போயிடும்."

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஏறி இறங்கினார். நரம்பு அறுபடவில்லை. நோய் வந்தது நுரையீரலில், அவர் ஒரு நாளும் பயந்து பார்க்காத இடத்தில். மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். வீட்டுக்குத் திரும்பவில்லை.

எட்டாவது நாள் அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைத் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டார். "இருங்கம்மா, மொதல்ல எண்ணணும்" என்றார். மகள் ஒரு ஸ்டூலை இழுத்து இரண்டு பாதங்களையும் அதன் மேல் வைத்தாள். குதிகால்களை உயர்த்தி உயர்த்தி இறக்கினார். குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. ஒன்பதில் நின்றார்.

நர்ஸ் கையை நீட்டினார். மகள் அவரைத் தடுத்தாள்.

வெகுநேரம் ஆனது. பத்து என்றார். பதினொன்று, பன்னிரண்டு. பிறகு வலது காலைத் தரையில் வைத்தார்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."