நாலாவது தட்டு

எல்கேஜி கணக்குக்கு ஆண்டுத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். ஜூலை மாதத்துக்கு ‘ஆளுக்கொரு தட்டு வைத்து, மிஞ்சும் தட்டைக் கண்டுபிடித்தல்’ என்று எழுதும்போதே, பள்ளிச் சமையலறையில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

என் சின்ன வயதில், நாகலூரில் எங்கள் வீட்டுக்குள் ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்கும். அந்தப் புகைக்குள் அம்மா எனக்கும் தம்பிக்கும் தனக்கும் தட்டு வைப்பாள். அப்பா இறந்து சில மாதமாகியும், எஸ்டேட்டிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்துவிடுவார் என்பதுபோல் அவருக்கும் ஒன்று வைப்பாள். எண்ணக் கற்றுக்கொண்ட பெருமையில் நான் ஒருநாள் சொன்னேன்:

“அம்மா, நாம மூணு பேருதான். தட்டு நாலு இருக்குது.”

“ஆமாங்கண்ணு, தப்பா வெச்சுட்டேன்” என்று அம்மா அதை எடுத்துக் கவிழ்த்தாள். அதன்பின் ஒருநாளும் வைக்கவில்லை.

எழுதிய வரியை அடித்துவிடப் பார்த்தேன். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கும் இல்லை.