மண்ணெண்ணெய் குடித்த துரை

எங்கள் வீட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்று யப்பான், என்னுடையது. மற்றது இங்கிலாந்து, கணவருடையது. கண்டாவளையில் மீளக் குடியேறி, யப்பானை வாங்கிய நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி இவை இரண்டையும் பற்றியவை. மற்றப் பாதி பிள்ளைகளைப் பற்றியவை. அவை அவ்வளவு உக்கிரமானவை அல்ல.

இங்கிலாந்துக்காரனுக்கு நான் வைத்த பெயர் துரை. மாமா, அதாவது இவருடைய தகப்பன், பரந்தன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், ஊர் மாறிப் போன ஓர் எஞ்சினியரிடம் வாங்கியது. ஒற்றைச் சிலிண்டர், ஒரு எருமைக் கன்றின் பாரம். காலையில் எழும்புவதற்குத் துரைக்கு மனம் வரவேண்டும். மனம் வந்தால் மூன்றாவது உதையில் எழும்புவார். வராவிட்டால் இவர் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு உதைத்துக்கொண்டிருப்பார். நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். அதற்கென்று ஒரு பால்மா ரின்னின் தகர மூடி வைத்திருந்தோம். அதில் சேரும் எண்ணெயில்தான் எங்கள் கிணற்றுக் கப்பி இத்தனை வருஷமாகக் கிறீச்சிடாமல் ஓடுகிறது. துரையால் எனக்குக் கிடைத்த ஒரே பயன் அது என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வேன்.

என் யப்பானைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அதன் பெருமை. திறப்பைத் திருப்பி ஒரு தட்டு, புறப்பட்டுவிடும். மாரியில் முழங்கால் வெள்ளத்துக்குள்ளால் என்னை முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஒரு நாளும் முகத்தைத் தூக்கியதில்லை.

“உது தையல் மெசின் மாதிரிச் சத்தம் போடுது. இதைக் கேளும், ஒவ்வொரு அடியையும் எண்ணலாம்,” என்பார் இவர்.

“எண்ணிக்கொண்டு இருங்கோ. நான் போட்டு வாறன்,” என்று புறப்பட்டுவிடுவேன்.

ஆனால் துரை விஷயத்தில் இவரை ஓரளவுக்கு மேல் சீண்ட எனக்கு மனம் வராது. யுத்தம் முடிந்த பிறகு, சனம் விட்டுவந்த வாகனங்களை ஒரு வெளியில் குவித்து வைத்திருந்தார்கள். அடையாளம் காட்டி எடுக்கலாம் என்றார்கள். துருப்பிடித்த யப்பான்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தன. அவரவர் தம்முடையது எது என்று தெரியாமல் அலைந்தார்கள். எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வெளி முழுவதிலும் துரை ஒருவர்தான் இருந்தார். இவர் அதன் பெற்றோல் தாங்கியில் கையை வைத்துக்கொண்டு நின்ற நிலையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று எங்களுக்குத் திரும்பிக் கிடைத்த பொருள் அது மட்டுமே.

இனி என் கதைக்கு வருகிறேன். இடம்பெயர்ந்து ஓடித் திரிந்த வயதில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். கணிதத்தில் சித்தி இல்லை, புள்ளி போதவில்லை. பிறகு ஒருமுறை எழுதினேன், அதுவும் இல்லை. முன்பள்ளியில் பதினொரு வருஷம் படிப்பித்த பிறகு ஒரு கடிதம் வந்தது: கணிதத்தில் சித்தி இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு நிறுத்தம். நாற்பது வயதில் மகளின் புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு அட்சரகணிதம் படித்தேன். அவள் எனக்கு வீட்டுவேலை தந்து திருத்தினாள், சிவப்புப் பேனையால், இரக்கமே இல்லாமல்.

பரீட்சை வந்தது, அரசாங்கத்திடம் டொலர் இல்லாமல் நாடு முழுவதும் பெற்றோல் இல்லாத காலத்தில். சனம் நாள்கணக்காக வரிசையில் நின்றது. டீசல் இல்லாமல் காலை பஸ் நின்றுவிட்டது. கிளிநொச்சி மண்டபத்தில் எட்டரைக்கு வினாத்தாள் கொடுப்பார்கள். அரை மணிக்கு மேல் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். சைக்கிளில் போகலாம்தான். ஆனால் சோளகக் காற்று அடிக்கிற மாதம். பரந்தன்வரை எதிர்க்காற்று. ஒருநாள் ஒத்திகை பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது கை நடுங்கி, பேனையைக் கூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் இவர் துரையைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார்.

யுத்த நாட்களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தாங்கியில் மண்ணெண்ணெய். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைன் போத்தல் ஒன்றைக் கைப்பிடியில் கட்டி, அதில் கொஞ்சம் பெற்றோல். அதன் குழாய் காபரேற்றருக்குப் போகும். பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் சூடானதும் குழாயைப் பூட்டிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பே மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்து நிறுத்தினால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்றுவிடும். பிறகு எழுப்புவது பெரும்பாடு. யப்பான் மோட்டார் சைக்கிள்களும் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவைதான், ஆனால் இருமி இருமி ஓடும், என்னுடையதற்கு அதைக் கொடுத்துக் கெடுக்க நான் விடவில்லை. துரை எதைக் கொடுத்தாலும் குடிப்பார். தண்ணீர்ப் பம்புக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய் இரண்டு போத்தல் கிடந்தது.

“பெற்றோல்தான் வேணும். உம்மட யப்பானில கடைசிச் சொட்டு கிடக்கும்,” என்றார்.

“தரமாட்டன்.”

“உம்மட சோதினைக்குத்தானே கேக்கிறன்.”

யப்பானின் குழாயைக் கழற்றிப் பெற்றோலை வடித்துக் கொடுத்தேன். முழுவதையும் அல்ல. ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தல் நிறைய எடுத்து, மூடியை இறுக்கி, பொலித்தீனில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். துரையை நம்பி வாழ்நாள் முழுவதும் ஏமாந்தவள் நான், அன்று மட்டும் நம்புவதற்கு எனக்கு என்ன பைத்தியமா?

காலையில் துரை பன்னிரண்டாம் உதையில் எழும்பினார். சேலைன் போத்தலில் இருந்த பெற்றோல் அநேகமாக அதிலேயே தீர்ந்துபோனது. வெள்ளைப் புகை வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கை முழுவதையும் மூடியது. ஆனால் ஓடத் தொடங்கியதும் நான் வாயை மூடிக்கொண்டேன். எதிர்க்காற்று அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முரசுமோட்டையைத் தாண்டும்போது வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இவருடைய முதுகு நேராகி, தோள் அகன்று, இருபது வயது குறைந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

பரந்தனை நெருங்கும் இடத்தில் பெற்றோல் வரிசை வீதியை அடைத்துக் கிடந்தது. ஓர் உழவு இயந்திரம் குறுக்கே நின்று திரும்ப முடியாமல் திணறியது. நாங்கள் நிற்க வேண்டியதாயிற்று. வரிசையில் இரவு பகலாகக் காய்ந்து கிடந்த ஆண்கள் எல்லோருக்கும் துரையைக் கண்டதும் உயிர் வந்தது. சுற்றிக்கொண்டார்கள்.

“அண்ணை, உது மண்ணெண்ணெயிலயோ ஓடுது?” என்றார் ஒருவர்.

“ஓம். நிண்டு பாரும்,” என்று சொல்லி, விளக்கம் கொடுப்பதற்கு வசதியாக, இவர் எஞ்சினை நிறுத்தினார்.

குழாயை மாற்றவில்லை. அந்தத் தடைக் காலம் முழுவதும் ஒரு நாள்கூடச் செய்யாத பிழையை, தன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பெருமை பேசப்போய், என் பரீட்சை நாளில் செய்தார். உழவு இயந்திரம் விலகிப் பாதை திறந்தபோது துரை எழும்பவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து உதை. மண்ணெண்ணெய் மணம்தான் வந்தது. சேலைன் போத்தலில் மிஞ்சியிருந்ததும் காலி. நேரம் எட்டு ஐந்து. இவர் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒருவரிடமும் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. இருந்தால் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்?

நான் கைப்பையைத் திறந்து இருமல் மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினேன்.

“இது எங்கால?”

“யப்பான் தந்தது. பேசாமல் ஊத்துங்கோ.”

காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயைக் கவிழ்த்து, என் பெற்றோலைச் சேலைன் போத்தலில் விட்டார். அவசரத்தில் இன்னொன்றையும் மறந்தார். உதைப்பதற்கு முன் கைப்பிடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை இழுத்துத் தீப்பொறியைப் பிந்த வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துரை திருப்பி அடிப்பார். அடித்தார். இவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் குந்திவிட்டார்.

“என்னால ஏலாது. நீர் ஆரும் ஒரு சைக்கிள் கேட்டு வாங்கிக்கொண்டு போம்,” என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அதே நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினொரு வருஷத்து வேலையை ஒரு காபரேற்றர் கொண்டுபோக விடுவதா?

சேலைக் கொய்யக மடிப்பைத் தூக்கி இடுப்பில் செருகினேன். இத்தனை வருஷம் குசினி யன்னலுக்குள்ளால் அந்த உதையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது, ஆகவே மனப்பாடம். நெம்புகோலை இழுத்தேன். காலால் மெல்ல அமத்தி, கனத்து நிற்கும் இடத்தைக் கண்டு, ஒரு மயிரிழை தாண்டவிட்டு, என் முழுப் பாரத்தையும் கோபத்தையும் சேர்த்து ஓர் உதை விட்டேன்.

ஒரே உதை. துரை எழும்பினார்.

சுற்றி நின்றவர்கள் பின்வாங்கி வழிவிட்டார்கள். “ஏறுங்கோ பின்னுக்கு,” என்றேன் இவரிடம். நொண்டி நொண்டி ஏறினார்.

இங்கிலாந்துக்காரன் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் கால்களோ யப்பானுக்குப் பழகியவை. சந்தியில் திரும்பி ஏ9 வீதியில் ஏறியதும் ஒரு மாட்டுக் கூட்டம். பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது கியர். துரை ஒரு துள்ளுத் துள்ளினார். மாடுகள் வழிவிட்டுச் சிதறின.

“இடது, இடது!” என்றார் பின்னால் இருந்தவர்.

“தெரியும், பேசாமல் இருங்கோ.”

பிறகு கால் பழகிவிட்டது. சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன், ஓடிக்கொண்டே, ஒரு கையால். எனக்குக் கீழே அந்த எஞ்சின் அடித்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக என் முள்ளந்தண்டில் ஏறியது. எண்ணிப் பார்த்தேன். உண்மைதான், எண்ணலாம். இந்த மனிதர் இத்தனை வருஷம் எதைப் பற்றிக் கதைத்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கிளிநொச்சி நகரத்துக்குள் புருஷனைப் பின்னால் வைத்துக்கொண்டு புகையும் சத்தமுமாக நான் நுழைந்தபோது கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வெட்கம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

மண்டப வாசலுக்கு முந்திய வளைவிலேயே பெற்றோலுக்கு மாற்றினேன். நிறுத்தியபோது எட்டு இருபத்தெட்டு. கொய்யகத்தை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். என் கையிலிருந்து வந்த மணத்தில் பக்கத்து மேசைப் பிள்ளை மூக்கைச் சுழித்தாள். எனக்குக் கை நடுங்கவில்லை. வினாத்தாளைத் திருப்பினேன், மகளின் சிவப்புப் பேனை கண்முன்னே வந்தது, எழுதத் தொடங்கினேன்.

பெறுபேறு வந்த அன்று தொலைபேசியில் பார்த்துச் சொன்னவள் மகள்தான். திறமைச் சித்தி. சாதாரண சித்தியே போதுமாக இருந்த இடத்தில் திறமைச் சித்தி. இவர் எழும்பிப் போய், ஒரு துணியை எடுத்து, என் யப்பானைத் தாங்கியிலிருந்து சில்லுவரைக்கும் துடைத்தார். துரைக்குச் செய்வதைப்போலவே செய்தார். நான் குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. முன்பள்ளிக்குத் தினமும் என் யப்பானில்தான் போகிறேன். நம்பிக்கை என்றால் இன்றைக்கும் அதுதான், இந்த விஷயத்தில் நான் ஓர் அங்குலமும் இறங்கிவரவில்லை. ஆனால் சான்றிதழை ஒப்படைக்க, அந்தக் கடிதம் வந்த அலுவலகத்துக்குப் போன நாளில் மட்டும், இவரிடம் துரையைக் கேட்டேன்.

“ஏன், உம்மட யப்பானுக்கு என்ன?”

“அது சத்தமில்லாமல் போகும். இண்டைக்கு நான் வாறது எல்லாருக்கும் கேக்கவேணும்.”

மூன்றாவது உதையில் எழுப்பி, படலையைத் தாண்டி, ஒழுங்கை அதிரப் போனேன். கைப்பைக்குள் சான்றிதழுக்குப் பக்கத்தில் அந்த இருமல் மருந்துப் போத்தல் இருந்தது, பெற்றோல் நிறைய.